பூஜ்யம் எந்த மூலையில்?

சென்ற மாதம் அப்பாவின் பிரெஞ்சுக் கடிதங்களை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு படத்துக்கும் ‘சேமி’ பொத்தானை அழுத்தி விரல் வலித்ததால், பேரன் ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தான். திரையின் இடது ஓரத்திலிருந்து 640 பிக்சல், மேல் ஓரத்திலிருந்து 410 பிக்சல். அங்கே கிளிக் செய், அடுத்த படத்துக்குப் போ. அவ்வளவுதான். நாலு நாள் ஒழுங்காக ஓடியது. ஐந்தாம் நாள் விண்டோவைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தியிருந்ததைக் கவனிக்காமல் ஓடவிட்டேன். அதே இடத்தில் இப்போது பக்கத்துப் பொத்தானான ‘நீக்கு’ வந்து நின்றது. பதினோரு படங்கள் போயின. எட்டை மறுபடி எடுத்துவிட்டேன். மூன்று கடிதங்கள் முதல் தடவை ஸ்கேன் செய்யும்போதே கையில் உதிர்ந்தவை.

“தாத்தா, விண்டோவை நகர்த்தினீங்களா? நான் திரையிலிருந்து அளந்திருந்தேன்” என்றான்.

எங்கிருந்து அளப்பது என்பது பழைய கேள்வி. பள்ளியில் எங்களுக்கு ‘அப்சிஸ்’, ‘ஓர்தொனே’ என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். இடது கீழ் மூலையில் பூஜ்யம், மேலே போகப் போக எண் ஏறும். தெகார்த் 1637-இல் லெய்டன் நகரில் வெளியிட்ட நூலின் பின்னிணைப்பாக வந்தது அவருடைய வடிவகணிதம். பண்டிதர்கள் லத்தீனில் எழுதிய காலத்தில் அதைப் பிரெஞ்சில் எழுதினார். கூரையில் ஊர்ந்த ஈயைப் பார்த்துக் கண்டுபிடித்தார் என்பது ஆதாரமில்லாத கதை. நம் பாடப்புத்தகத்துச் செங்குத்து அச்சுகளையும் அவர் அப்படியே வரைந்துவிடவில்லை. வான் ஸ்கூட்டன் 1649-இல் லத்தீனில் மொழிபெயர்த்த பிறகுதான் அந்த முறை ஐரோப்பாவெங்கும் பரவியது.

கணினித் திரை இதைத் தலைகீழாக்கியது. இடது மேல் மூலையே பூஜ்யம். கீழே போகப் போக எண் ஏறும். 1920-க்கு 1080 திரையில் வலது கீழ் மூலையின் கடைசிப் பிக்சல் 1919, 1079. காரணம் நம் பழைய டிவிப் பெட்டியில் இருக்கிறது. அதில் எலக்ட்ரான் கதிர் மேல் இடது மூலையில் தொடங்கி, கடிதம் படிப்பதுபோல் இடமிருந்து வலமாக வரி வரியாகக் கீழிறங்கும். படத்துக்கான நினைவகத்தையும் அதே வரிசையில் எண்ணினார்கள். எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை: 1988-இல் வந்த ஓஎஸ்/2-இன் பிரசன்டேஷன் மேனேஜர் பள்ளிக்கூடத்து வழியிலேயே கீழ் மூலையில் பூஜ்யம் வைத்தது. எனக்கென்னவோ அதன்மேல் ஒரு பாசம்.

விண்டோக்கள் வந்ததும் இன்னொரு பூஜ்யம் பிறந்தது. 1984-இல் வெளியான மெக்கின்டாஷிலேயே, விண்டோவின் சொந்த அளவைத் திரை அளவாக மாற்ற ‘லோக்கல் டு குளோபல்’ என்று ஒரு கட்டளை இருந்தது. மைக்ரோசாப்ட் விண்டோஸில் அதுபோன்றதற்கு ‘கிளையன்ட் டு ஸ்கிரீன்’ என்று பெயர். வீட்டுக்குள் “வாசலிலிருந்து பத்தடியில் அடுப்படி” என்றால், வீட்டையே பெயர்த்துத் தெருக்கோடியில் வைத்தாலும் அந்தப் பத்தடி மாறாது. தெருமுனையிலிருந்து அளந்தவன்தான் வேறு வீட்டுக்குள் நுழைவான். முதன்மைத் திரைக்கு இடப்பக்கம் இரண்டாவது திரை வைத்தால் அங்கே எண்கள் பூஜ்யத்துக்குக் கீழேயும் போகுமாம்.

பேரன் இப்போது விண்டோவின் மூலையிலிருந்து அளந்து மாற்றி எழுதியிருக்கிறான். கிளிக்குக்கு முன், எதிரே இருப்பது சரியான விண்டோதானா என்று பார்க்க ஒரு வரியும் சேர்த்திருக்கிறான்.

போன மூன்றில் ஒன்று, 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையா இந்தியக் குடியுரிமையா என்று வீடு வீடாகப் பேசிக்கொண்டிருந்தபோது அப்பா பெரியப்பாவுக்கு எழுதியது. பாதி மனப்பாடமாக இருக்கிறது. அதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.