வம்சாவளியும் குலவரலாறும்

கொங்கு வேளாளரிடையே இருவர் முதன்முறை சந்திக்குங்கால் ஊரும் கூட்டமும் கேட்டறிவது நெடுநாளைய வழக்கம். ஒரே கூட்டத்தார் பங்காளிகள். அவர்களுக்குள் மணவுறவு இல்லை. ஆதலின் பல்லடம் வட்டாரத்திலும் குலவரலாறு என்பது வெறும் பழம்பெருமையன்று. பெண் கொள்வதையும் கொடுப்பதையும், காணிக் கோயில் உரிமையையும் வரையறுப்பது. வாய்மொழியாய் வழங்கிய இத்தகைய வரலாறு ஏடேறியதற்குப் பாளையக்காரர் வம்சாவளிகள் சிறந்த சான்று.

1783இல் இந்தியாவுக்கு வந்து, 1815இல் இந்தியத் தலைமை நில அளவையாளரான காலின் மெக்கன்சி, காவலி போரய்யா, இலட்சுமய்யா முதலிய உதவியாளர்களைக் கொண்டு கைபீதுகளையும் வம்சாவளிகளையும் திரட்டினார். பாளையங்களின் உரிமை கும்பினியாரின் தீர்ப்பை நோக்கி நின்ற காலம் அது. முன்னோன் அரசன்முன் வீரம் காட்டியது, பட்டமும் நிலமும் பெற்றது, பின்வந்தோர் பட்டமாண்டது என்ற முறையில் அமைந்த வம்சாவளி, குடும்ப வரலாறாகவும் உரிமை விண்ணப்பமாகவும் ஒருங்கே விளங்கியது.

அத்தொகுப்பில் இடம்பெற்றவற்றுள் ஒன்று பொள்ளாச்சியை அடுத்த ஊற்றுக்குழிப் பாளையக்காரர் வம்சாவளி. திருப்பூரை அடுத்த ஊத்துக்குளி வேறு. பவானியாற்றில் அணைகட்டிக் கொடுமுடிப் பக்கம் வரை கால்வாய் கண்ட காலிங்கராயனை இம்மரபினர் தம் முன்னோனாகப் போற்றுவர். தன்னலம் கருதி வெட்டினான் என்ற பழிச்சொல் வாராதிருக்க, அக்கால்வாய் நீரைத் தன் மரபினர் பயன்கொள்ளலாகாது என்று கூறி அவன் இடம்பெயர்ந்தான் என்பது மரபுச் செய்தி. ஆயினும் அவன் காலத்தைத் துணிய வம்சாவளி மட்டும் போதாது. 13ஆம் நூற்றாண்டுக் கொங்குப் பாண்டியர் கல்வெட்டுகளின் துணையும் வேண்டும்.

இவ்வாறு ஏட்டையும் கல்லையும் ஒப்புநோக்கும் முறை பின்னாளில் வலுப்பெற்றது. திருச்செங்கோடு தி. அ. முத்துசாமிக் கோனார் கொங்கு மண்டல சதகத்தை உரையுடன் பதிப்பித்தார். புலவர் செ. இராசு தொகுத்த 'கொங்கு நாட்டுச் சமுதாய ஆவணங்கள்' 1991இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. கூட்டந்தோறும் குலவரலாறு எழுதுவோர்க்கு இவை கைவிளக்காயின.

எனினும் வம்சாவளியின் குறை ஒன்று அதன் வழிவந்த நூல்களிலும் தொடர்கிறது. தந்தைவழிப் பெயர்கள் நிரலாக நிற்க, தாய்மார் பெயர்கள் பெரிதும் மறைகின்றன. அணைக்குக் கல் சுமந்தோர்க்கும் கால்வாய் வெட்டினோர்க்கும் வம்சாவளி எழுதுவார் இல்லை. அச்சேறியதே உண்மை என்று வரும் தலைமுறை நம்பும். ஆதலின், வீட்டுப் பட்டயத்தைக் கல்வெட்டோடு ஒப்பிட்டு, விடுபட்டோரையும் வினவி எழுதப்படும் குலவரலாறே நாட்டு வரலாற்றுக்கு நிலையான துணையாகும்.