நூற்பட்டியலும் எழுத்துக் குறியாக்கமும்: நூலக அறிவியல் மாணவரின் இணையக் கல்வி குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

இணையத் தொழில்நுட்பத்தைக் கணினித் துறையிலிருந்து இரவல் பெற்ற துணைப்பாடமாகக் கருதும் போக்கு நூலக அறிவியல் மாணவரிடையே உண்டு. ஆனால், இணையத்தின் அடிப்படைகள் பலவும் நூற்பட்டியல் கலையோடு நெருங்கிய உறவுடையவை. அவற்றுள் எழுத்துக் குறியாக்க அறிவு தமிழ் நூல்களைக் கையாளும் நூலகர்க்கு இன்றியமையாதது என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் நிறுவ முயல்கிறது.

அட்டையிலிருந்து வலைக்கு

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக 1924ஆம் ஆண்டு பொறுப்பேற்றவர் எஸ்.ஆர். அரங்கநாதன். அவர் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் இரண்டு இங்குக் கருதத்தக்கவை. வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது ஒன்று. வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் நடைமுறைப்படுத்தும் முதன்மையான கருவி நூற்பட்டியலே ஆகும்.

அப்பட்டியலைக் கணினி படிக்கும் வடிவிற்கு மாற்றும் பணி அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தில் 1960களில் நிகழ்ந்தது. என்றியட் அவ்ரம் தலைமையில் உருவான மார்க் வடிவம், ஆசிரியர், தலைப்பு, பதிப்பு எனப் பட்டியல் அட்டையின் ஒவ்வொரு கூறுக்கும் தனிக்குறியீடு வழங்கியது. 1967இல் ஒகையோ மாநிலத்தில் நிறுவப்பெற்ற ஓ.சி.எல்.சி. என்னும் கூட்டமைப்பு, 1971இல் பல நூலகங்கள் இணைந்து பயன்படுத்தும் நிகழ்நிலைப் பட்டியலைத் தொடங்கியது. டிம் பெர்னர்ஸ் லீ வைய விரிவு வலைக்கான முன்மொழிவை அளித்ததோ 1989இல்தான். ஆகவே, தகவலைக் கூறுகளாகப் பகுத்து வலையமைப்பின் வழியே பகிரும் முறையை நூலகங்கள் வலைக்கு முன்பே கையாண்டன. இணைய வளங்களை விவரிப்பதற்கான டப்ளின் கோர் மீதரவுத் திட்டம், 1995இல் ஓ.சி.எல்.சி. பங்கேற்று நடத்திய பயிலரங்கில் கருக்கொண்டமையும் இத்தொடர்ச்சிக்குச் சான்றாகும்.

தமிழ் எழுத்தின் பயணம்

ஆங்கிலப் பட்டியல்களுக்கு எளிதாக அமைந்த இம்மாற்றம் தமிழுக்கு அவ்வாறு அமையவில்லை. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதி ஒதுக்கப்பட்டிருப்பினும், அது உடனடியாகப் பயன்பாட்டிற்கு வரவில்லை. 1990களில் எழுத்துருக்கள் தத்தம் போக்கில் எண்களை வழங்கின. ஒரே எண் ஓர் எழுத்துருவில் ஓர் எழுத்தையும், பிறிதொன்றில் வேறோர் எழுத்தையும் குறித்தது. எழுத்துருவை இழந்த கோப்பு படிக்க இயலாததாயிற்று.

1998ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள், தமிழார்வலர்கள் உருவாக்கிய திஸ்கி குறியாக்கத்திலும் பின்னர் ஒருங்குறியிலும் வெளியாயின. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்னும் குறியாக்கங்கள் தமிழக அரசால் ஏற்கப்பட்டன. 2010இல் அவ்வரசு ஒருங்குறியை ஏற்றது.

இவை வெறும் தொழில்நுட்ப வேறுபாடுகள் அல்ல. திஸ்கியில் 'கெ' என்னும் எழுத்து, எழுதும் வரிசைப்படி கொம்பு முன்னும் ககரம் பின்னுமாகச் சேமிக்கப்படும்; ஒருங்குறியில் ககரம் முன்னும் கொம்பு பின்னுமாக அமையும். எனவே, திஸ்கித் தலைப்புகளை எண்வரிசையில் அடுக்கினால் கொம்பில் தொடங்குவன யாவும் ஓரிடத்தில் குவியும், அகரவரிசை சிதையும். ஒருங்குறியிலும் எண்வரிசை அகரவரிசை ஆகாது. அதில் ழகரத்தின் எண் வகரத்தின் எண்ணுக்கு முன் நிற்பதால், 'அவை' என்னும் சொல்லுக்கு முன் 'அழகு' வந்துவிடும். தமிழ் வரிசை விதிகளைத் தனியே அமைத்தாலன்றி இது சீராகாது.

கண்ணுக்குத் தெரியாப் பிழைகள்

'ஔவையார்' என்னும் பெயரை ஒகரத்தையும் ளகரத்தையும் இணைத்து 'ஒளவையார்' எனத் தட்டச்சு செய்வது பரவலாகக் காணப்படும் வழக்கம். கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றாகத் தோன்றும் இவ்விரண்டும் கணினிக்கு வெவ்வேறு சொற்கள். 'கௌதமன்', 'கெளதமன்' என்பனவும் அத்தகையனவே. 'கொ' என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும், கொம்பும் காலுமாகிய இரு குறியீடுகளாகவும் சேமிக்க இயலும். ஒருங்குறித் தரம் இவ்விரண்டையும் நிகரானவையாகக் கொள்கிறது. ஆயினும் இயல்பாக்கம் செய்யாத மென்பொருள் அவற்றை வேறாகவே கருதும்.

இவற்றுள் முதல்வகை பட்டியலாளரின் பிழை. இரண்டாம் வகை மென்பொருளின் குறை. முன்னதைக் கண்டு திருத்துவதற்கும், பின்னதை இனங்கண்டு மென்பொருள் வல்லுநரிடம் உரியவாறு எடுத்துரைப்பதற்கும் நூலகருக்குக் குறியாக்க அறிவு தேவைப்படுகிறது. அவ்வறிவு இல்லாதவிடத்து, அடுக்கில் நூல் இருக்கவே, அது இல்லை என்னும் விடையுடன் ஆய்வாளர் திரும்புவார். இவ்விழப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

முடிவுரை

வலைப்பக்கம் வடிவமைக்கும் பயிற்சியோடு நூலக மாணவரின் இணையக் கல்வி நிறைவு பெறுவதில்லை. பட்டியல் விதிகளைப் பயிலும் வகுப்பிலேயே குறியாக்கம், இயல்பாக்கம், அகரவரிசை விதி ஆகியன இடம்பெற வேண்டும். தமிழ்த் தலைப்புகள் சிலவற்றை இருவேறு முறையில் உள்ளிட்டுத் தேடிப் பார்க்கும் எளிய பயிற்சியே இதற்குத் தொடக்கமாகலாம். அரங்கநாதன் வகுத்த விதிகள் இணையக் காலத்தில் செயற்படுவதும் செயலிழப்பதும் இத்தகைய நுண்ணிய இடங்களிலேயே என்பது இவ்வரலாற்றால் தெளிவாகிறது.