பெயர் சொல்லாக் கவிகள்

மட்டக்களப்பு மாவட்டத்தின் வடவெல்லையிலே, மகாவலி கங்கையின் கிளையாகிய வெருகலாறு கடலிற் கலக்கும் இடத்திற்குத் தெற்கே, ஒருபுறம் கடலும் மறுபுறம் காடும் வயலுமாகக் கிடக்கும் சிற்றூர் கதிரவெளி. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்திற்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள், வெருகல் சித்திர வேலாயுத சுவாமியை வணங்கி ஆற்றைக் கடந்தபின் இவ்வூர் மணலை மிதித்தே தெற்கு நோக்கிப் போகின்றனர். ஊரின் ஒருபுறத்தே, "குரங்கு படையெடுத்த வேம்பு" என்று மக்கள் வழங்கும் இடத்தில், பெருங்கற்காலத்துக் கல்லறைகள் இருக்கின்றன. பெரும் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே மற்றொரு கல்லைக் கிடத்தி, இறந்தோரைப் போற்றிய அந்தப் பூர்வகுடிகள் தம் பெயரை அக்கற்களில் எழுதி வைத்தாரல்லர். பெயரை விட்டுச் செல்லாமல் வேலையை மாத்திரம் விட்டுச் செல்லும் அந்த வழக்கம் இந்தக் கரையோரத்தின் பாட்டுக்களிலும் தொடர்ந்து வந்திருக்கிறது என்பதே நான் இங்கு சொல்ல வந்த விஷயம்.

மட்டக்களப்பார் "கவி" என்ற சொல்லை இரண்டு பொருளில் ஆளுவர். புலவர் இயற்றும் செய்யுளும் கவிதான். எழுத்தறியாத பெண்ணொருத்தி நெற்குத்தும்போதும், பரணிலே காவலிருக்கும் இளைஞன் நடுநிசியிலே தூக்கத்தை விரட்டும்பொருட்டும், நாலடியிற் கட்டிப் பாடுவதும் கவிதான். பின்னையதை நாம் நாட்டார் பாடல் என்று பெயர் மாற்றி நூலில் ஏற்றிவிட்டோம். ஊரிலே அதற்கு அப்பெயர் இல்லை. தமிழரும் முஸ்லிம்களும் அயலயலே வாழும் அப்பிரதேசத்தில், இவ்விரு சமூகத்தாரிடமும் இக்கவி ஒரே அச்சில் வார்த்ததுபோல் வழங்குகிறது. ஓரிடத்தில் அம்மா என்பது மற்றோரிடத்தில் உம்மா என்று மாறுமேயன்றி, மச்சான், மச்சி, மாமி என்ற மூன்று சொற்களும் எங்கும் மாறுவதில்லை.

இம்மூன்று சொற்களையும் விளங்கிக்கொள்ளாதவர் கவியை விளங்கிக்கொள்ளல் அரிது. மட்டக்களப்பிலே குடிவழி தாய்வழியாக வருவது. வயிற்றுவார் என்று அதனைச் சொல்லுவர். கோயில்களில் உரிமையும் மரியாதையும் குடிமுறைப்படி அளிக்கப்பெறுகின்றன. வீடும் வளவும் சீதனமாகப் பெண்ணுக்கே போகின்றன. விவாகமானபின் ஆடவன் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்வீட்டுக்குக் குடிபுகுகிறான். ஆகவே மச்சியின் வாசல் அவனுக்கு வெறும் காதலியின் வாசலன்று. அவன் ஆயுள் முழுவதும் வாழப்போகும் வீட்டின் வாசல். அவ்வாசலைக் காப்பவள் மாமி. வெற்றிலை, விளக்கு, வேலி, நிலவு, தோணி என்று எதனைப் பாடினாலும் கவியின் நடுவே மாமியின் செவி திறந்தே இருப்பதன் காரணம் இதுதான். பிற்காலத்திலே, கிட்டார் வாத்தியத்தோடு நித்தி கனகரத்தினம் பாடிப் பிரசித்தப்படுத்திய "சின்ன மாமியே" என்ற பாட்டைக் கேட்டபோது, உருவிலே மேனாட்டுச் சாயல் ஏறியிருந்தாலும், மகளைப்பற்றி மாமியிடம் பேசும் அந்தப் பழைய முறை மாறவில்லை என்பதைக் கண்டு மகிழ்ந்தேன். அப்பாட்டுக்கு ஆசிரியர் இன்னார் என்று உலகறியும். ஆயினும் கலியாண வீடுகளிலும் பஸ்வண்டிகளிலும் அதனைப் பாடுவோரிற் பலர் அவர் பெயரை அறியாமலே பாடுகின்றனர். நல்ல பாட்டு தன்னைக் கட்டியவரை விட்டு நடக்கத் தொடங்கும் விதம் நம் கண்முன்னேயே நிகழ்ந்தது.

மற்றைக் கலைகளின் நிலை வேறு. கூத்துக்கு அண்ணாவியார் உண்டு. களரியிலே அவருக்கு மரியாதை உண்டு. கூத்துப் பிரதி ஏட்டிலோ கொப்பியிலோ எழுதப்பட்டுத் தலைமுறைக்குத் தலைமுறை ஒப்படைக்கப்படும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் பேராதனைப் பல்கலைக்கழகத்திலே "கர்ணன் போர்" என்ற கூத்தை மேடையேற்றியபோது அந்த மரபு நகரத்தாரின் நன்மதிப்பையும் பெற்றது. கோலடித்து ஆடும் வசந்தனுக்குரிய பாட்டுக்களை முகாந்திரம் தி. சதாசிவ ஐயர் தேடித் தொகுத்து, "மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு" என 1940இல் வெளியிட்டார். வைகாசித் திங்களிற் கண்ணகி கோயில்கள்தோறும் அம்மனைக் குளிரச் செய்யப் பாடும் குளிர்த்தியும், வடசேரி தென்சேரி என ஊர் இரண்டாகப் பிரிந்து வளைந்த கொம்புகளைக் கொளுவி இழுத்து முறிக்கும் கொம்புமுறிப் பாட்டும் தெய்வ சம்பந்தமுடையவை. கண்ணகி கதையைக் கூறும் வழக்குரை ஏடு கோயிலிலேயே பேணப்படும். மழை பொய்த்த காலத்திலே கொம்புமுறித்தால் கண்ணகி மனங்குளிர்ந்து மழை பெய்யும் என்ற நம்பிக்கையால், ஒரு சேரியார் மறுசேரியாரை வாய்க்கு வந்தபடி ஏசிப் பாடுவதும் புண்ணிய கருமமாகவே எண்ணப்பட்டது.

இவையெல்லாம் ஊரறியப் பாடுபவை. களவெட்டியிற் பாடும் பாட்டும் அவ்வாறே. வெட்டிய நெற்கதிரைச் சூடாக அடுக்கி, மாடுகளைப் பிணைத்து மிதிக்கும்போது, நெல்லை நெல்லென்று சொல்லாமற் "பொலி" என்றும், மாட்டை "வாரிக்காலன்" என்றும் மறைபெயரிட்டே வழங்கினர். பூதங்கள் கேட்டு விளைவை அள்ளிச் சென்றுவிடும் என்று அஞ்சிய முன்னோர் அமைத்த பாஷை அது. வயலுக்குடைய போடியாரும் வேலையை மேற்பார்க்கும் முல்லைக்காரனும் வேலையாட்களும் சூழ்ந்து நிற்க, இரவு முழுவதும் அந்தப் பாஷையிலேயே பேச்சும் பாட்டும் நடந்தன. ஒன்றைக் காக்க விரும்பினால் அதன் பெயரைச் சொல்லாதே என்ற எண்ணம் இம்மக்களுக்கு எத்துணை இயல்பானது என்பதை அங்கே பார்க்கலாம்.

கவியிலே அவ்வெண்ணம் இன்னும் நுட்பமாகத் தொழிற்படுகிறது. நூல்களைப் புரட்டுவோர், இக்கவிகளுக்கு ஆசிரியர் பெயர் இல்லாமையைக் கண்டு, இவை ஊரெல்லாம் சேர்ந்து பாடியவை, காலவெள்ளத்தில் தாமே திரண்டவை என்று சொல்லி அமைவர். மேனாட்டாரும் ஒரு காலத்தில் அவ்வாறே கருதினர். அமெரிக்கப் பேராசிரியர் பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் 1882 முதல் 1898 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட தொகுதியிலே, இங்கிலாந்து, ஸ்கொத்லாந்து நாடுகளின் 305 கதைப்பாடல்கள் அடங்கியிருக்கின்றன. அவற்றை ஆக்கியது தனிமனிதரா, சமூகமா என்ற வாதம் அக்காலத்தில் நெடுநாள் நடந்தது. எனக்கு அவ்வாதத்தில் ஐயமில்லை. ஊர் சேர்ந்து தேர் இழுக்கலாம், கரைவலை இழுக்கலாம். நாலடிக் கவியை ஊர் சேர்ந்து கட்ட இயலாது. ஒருத்தி கட்டுகிறாள், மற்றவர்கள் அதனைத் தேய்த்து மெருகிடுகின்றனர். ஆசிரியர் உண்டு, பெயர்தான் இல்லை. அப்பெயர் மறதியினால் அழிந்ததன்று, வேண்டுமென்றே மறைக்கப்பட்டது என்பதே என் துணிபு.

இத்துணிபுக்குத் தமிழ் மரபே சான்று. அகத்திணையிலே தலைவன் தலைவியரின் இயற்பெயரைச் சுட்டுதல் ஆகாது என்று தொல்காப்பியம் விதித்தது. அன்பைப் பாடலாம், அன்புற்றார் இன்னார் என்று காட்டி அவரை அலருக்கு ஆளாக்கலாகாது. குறுந்தொகையைத் தொகுத்தவர்கள் பெயர் தெரியாத புலவர்களைக் கைவிடவில்லை. அவர்கள் பாட்டிலே சிறந்து நின்ற ஒரு தொடரைக்கொண்டே செம்புலப் பெயனீரார் என்றும், அணிலாடு முன்றிலார் என்றும் பெயர் சூட்டிக் கௌரவித்தனர். நம் காலத்துத் தொகுப்பாளரும் பெருந்தொண்டு புரிந்தவர்களே. வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட "மட்டக்களப்புத் தமிழகம்" இல்லாவிடின் இப்பிரதேசத்தின் பாட்டையும் வழக்கையும் அறிய நமக்கு நல்வழி இராது. கிழக்கிலங்கை முஸ்லிம்களின் பாடல்களைத் திரட்டிய எஸ். முத்துமீரானின் உழைப்பும் அத்தகையதே. ஆயினும் பாடியவளுக்கு ஒரு தொடர்ப்பெயராவது சூட்டும் பழைய தாட்சணியம் நம்மிடையே இல்லாமற் போனதை எண்ணி நான் வருந்துவதுண்டு.

கதிரவெளிக்கு ஓர் ஆடி மாதத்திலே சென்றிருந்தேன். கச்சான் காற்று மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்த பிற்பகல். வேம்பின் கீழ் ஒரு மூதாட்டி சுளகிலே அரிசி கொழித்துக்கொண்டிருந்தார். கவி தெரியுமா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் மறந்து போச்சு மனே" என்று சொல்லிக் கல் பொறுக்குவதிலேயே கண்ணாயிருந்தார். சற்றுத் தள்ளி அவருடைய மருமகன் வலை பொத்திக்கொண்டிருந்தார். அரைமணி நேரங் கழித்து மருமகன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனார். கிழவியின் பார்வை கடப்படிவரை அவரைத் தொடர்ந்து சென்று, பிறகு என்மேல் திரும்பியது. சுளகின் விளிம்பிலே இரண்டு விரலால் மெல்லத் தட்டிக்கொண்டு, உதடு அதிகம் அசையாமல், இரண்டாம் அடியின் கடைசி எழுத்தை நீள இழுத்து, ஒரு கவி பாடினார். மருமகன் முன்னிலையில் மறந்துபோன கவி, அவர் போனதும் எழுத்துப் பிசகாமல் நினைவுக்கு வந்துவிட்டது.

கவியின் பொருள் இதுதான். ஒரு பெண் தன் வீட்டு நாயைக் கடிந்துகொள்கிறாள். முன்பெல்லாம் இரவிலே ஆளரவம் கேட்டால் ஊரை எழுப்புவாயே, இப்பொழுது சிலநாளாக ஏன் வாய்மூடிக் கிடக்கிறாய், நீ குரைக்காமையே என்னைக் காட்டிக்கொடுத்துவிடும் போலிருக்கிறதே என்கிறாள். நாய் குரைப்பதைப் பாடும் கவிகள் உண்டு. குரையாமையைக் கண்டு அஞ்சும் கவியை அன்றுதான் கேட்டேன். பழகிய காலடி என்பதனால் நாய் மௌனமாகிவிட்டது. அம்மௌனத்தை உற்றுக் கேட்கும் தாய் உள்ளே படுத்திருக்கிறாள். பேச்சு நாயோடுதான், செய்தி வேலிக்கு அப்பால் நிற்கும் மச்சானுக்கு. தலைவன் சிறைப்புறத்தானாக, அவன் கேட்கும்படி தோழி வேறொருவரிடம் பேசும் துறையைச் சங்க நூல்களிற் படித்து வியந்திருக்கிறேன். பள்ளிக்கூடம் மிதியாத ஒருத்தி அத்துறையைத் தன் முற்றத்து நாயைக்கொண்டு அமைத்திருப்பதைக் கேட்டபோது, நான் கையில் வைத்திருந்த எழுதுகோலை எடுக்கவும் மறந்து போனேன்.

கட்டியவர் யாரென்று கேட்டேன். அவருடைய சின்னம்மா என்றார். மச்சான் என்பவர் பனிச்சங்கேணித் துறையிலே தோணி தாங்கியவராம். தாய்க்கு விஷயம் தெரிந்தது; சம்மதம் கிடைக்கவில்லை; அவர் தெற்கே ஓரூரில் விவாகஞ் செய்துகொண்டார். சின்னம்மாவும் பிறகு வேறொருவருக்கு மனைவியாகிப் பிள்ளைகளைப் பெற்றார். நாலடிக் கவி மட்டும் நெற்குத்தும் பெண்களிடையே நடந்து, வெருகலுக்கு அப்பாலும் வாகரைக்கு இப்பாலும் யாருடையது என்று தெரியாமலே பரவியது. அதனைக் கட்டியவர் தம் காதாலேயே அதனை அயலூர்ப் பெண் ஒருத்தி பாடக் கேட்டு, ஒன்றும் சொல்லாமல் உலக்கையை மாற்றிப் பிடித்துக்கொண்டாராம்.

மட்டக்களப்பு வாவியிலே நிலாக் காலத்தில் கேட்கும் இசையைப்பற்றி உலகம் நெடுநாளாய்ப் பேசி வருகிறது. 1848 செப்டம்பரில் அங்கு வந்த ஆங்கில ஆட்சி அதிகாரி எமர்சன் டென்னன்ட், தோணியில் அமர்ந்து அவ்வொலியைக் கேட்டு, தாம் எழுதிய இலங்கை வரலாற்றில் விரிவாக விவரித்தார்; பாடுவது எதுவென்று கேட்டதற்கு வலைஞர்கள் ஊரி என்னும் நத்தையை எடுத்துக் காட்டினராம். பிறர் மீன் என்றனர். சுவாமி விபுலானந்தர் அவ்விசையை நீரர மகளிரின் பாடலாகக் கற்பித்துக் கவி செய்தார். பாடுபவர் யாரென்று காணாமலே பாட்டைப் போற்றும் மனம் இந்நாட்டார்க்கு வாவியே கற்பித்தது போலும்.

2004 டிசம்பரில் கடல் பொங்கியபோது இக்கரையோரத்தில் ஏடுகளும் கொப்பிகளும் மனிதரோடு போயின. 2006 நவம்பர் 8ஆந் தேதி, இடம்பெயர்ந்து வந்தோர் தங்கியிருந்த கதிரவெளிப் பாடசாலைமீது எறிகணைகள் வீழ்ந்து பலர் மாண்டனர். அதன்பின் இவ்வூரில் மிகுதியாகக் கேட்ட பாட்டு ஒப்பாரிதான். அதிலுங்கூட, மாண்டவரை மகனே என்றும் மச்சானே என்றும் முறை சொல்லி அழைத்து அழுவரேயன்றிப் பெயர் சொல்லி அழுவதில்லை. ஏடு போனால் கூத்து குறைப்படும். கவிக்கு ஏடு இல்லாமையால், பாடியவர் எவரேனும் பிழைத்திருக்கும் வரை அது பிழைத்திருந்தது. மூதாட்டி பாடியதும் அவ்வாறு எஞ்சியதே.

கவியை எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன். தலையசைத்தார். சின்னம்மாவின் பெயரையும் சொன்னார். அவர் முகத்திலே ஒரு பெருமிதம் தோன்றியது. நான் கொப்பியைத் திறந்ததும் சுளகைக் கீழே வைத்துவிட்டு, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "பேரை எழுதிப் போடாத மனே, அவட புள்ளயள் இரிக்காங்க" என்றார். அரிசித் தவிடு படிந்த அந்தக் கை சற்று நேரம் என் கைமேலேயே இருந்தது. கவியை எழுதிக்கொண்டேன். அதன் மேலே பெயர் எழுத விட்ட இடம் இன்றும் என் கொப்பியில் வெறுமையாகவே இருக்கிறது.