திருத்தணி வட்டாரமும் உலக வளர்ச்சி இலக்குகளும்: 1960 முதல் ஒரு வரலாற்றுப் பார்வை

கார்வேட்டிநகர் ஜமீனுக்குள் அடங்கியிருந்த திருத்தணி, ஆங்கிலேயர் ஆட்சியில் வடஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1911-இல் சித்தூர் தனி மாவட்டமானபோது அதனோடு சேர்க்கப்பட்டது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அங்கே போக, திருத்தணியும் உடன் போனது. மங்கலங்கிழாரும் ம.பொ.சிவஞானமும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் பரிந்துரை, 1959-ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டம் ஆகியவற்றின் முடிவில் 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டம் சென்னை மாநிலத்துக்கு வந்து செங்கல்பட்டு மாவட்டத்தோடு இணைந்தது.

இந்த வரலாறு பெரும்பாலும் மொழியுரிமையின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. அதன் இன்னொரு விளைவு அதிகம் பேசப்படவில்லை. எந்த மாநிலத்தின் பள்ளிக்கூடம், எந்த மாநிலத்தின் ரேஷன் கடை, எந்த மாநிலத்தின் ஆரம்ப சுகாதார நிலையம் என்பதையும் அந்த ஏப்ரல் மாற்றமே முடிவு செய்தது. பின்னாளில் ஐ.நா. அவை ஏழை நாடுகளுக்கென்று வகுத்த வளர்ச்சி இலக்குகளில் பாதியாவது இந்த வட்டாரத்தில் நிறைவேறிய கதையை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

திருத்தணி கைமாறிய காலம் முக்கியமானது. 1958-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி சென்னை மாநிலம் முழுவதும் ஊராட்சி ஒன்றியங்கள் உருவாகிக்கொண்டிருந்தன. 1956-இல் காமராசர் தொடங்கிய பள்ளி மதிய உணவு ஊர் ஊராகப் பரவிக்கொண்டிருந்தது. கிராமங்களுக்கு மின்கம்பி இழுக்கும் வேலையில் சென்னை மாநிலம் நாட்டின் முன்வரிசையில் நின்றது. 1961 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை அறுபதுகளை ‘வளர்ச்சிப் பத்தாண்டு’ என்று அறிவித்தது. அந்தப் பத்தாண்டின் இலக்கு நாட்டு வருமானம் ஆண்டுக்கு 5 விழுக்காடு வளர வேண்டும் என்பதுதான். குழந்தை இறப்பையோ தாய் இறப்பையோ அளவுகோலாக்கும் எண்ணம் அன்று உலக அரங்கில் வலுப்பெறவில்லை. ஆந்திர எல்லையோரத்தில் கிணறுகளுக்கு மின் மோட்டார் வந்ததும் கரும்பும் நெல்லும் பெருகியதும் அந்தக் கணக்கில் வளர்ச்சியே. 1990-இல் விவசாய மின்சாரம் முழுவதும் இலவசமானது. நிலத்தடி நீர் எவ்வளவு இறைக்கப்படுகிறது என்று கேட்கும் தேவை அதற்குப் பிறகு யாருக்கும் எழவில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து வந்த நீடித்த வளர்ச்சி இலக்குகள் கேட்ட கேள்விகளில் ஒன்று அதுதான்.

வருமானத்தை விட்டு மனிதரைக் கணக்கிடும் மாற்றம் உலக அளவில் மெதுவாகவே வந்தது. 1978-இல் அல்மா ஆட்டா மாநாடு ஆரம்ப சுகாதாரத்தை வலியுறுத்தியது. 1987-இல் பிரண்ட்லாண்ட் குழு, வரும் தலைமுறையின் தேவைக்குக் குந்தகம் வராத வளர்ச்சி என்ற கருத்தை முன்வைத்தது. 1990-இல் மஹ்பூப் உல் ஹக் முன்னின்று உருவாக்கிய முதல் மனித வளர்ச்சி அறிக்கை வந்தது. இவையெல்லாம் ஒன்றுசேர்ந்து இலக்குப் பட்டியலாக வடிவெடுக்க 2000 செப்டம்பர் வரை ஆயிற்று. அன்று 189 நாடுகள் ஏற்ற மில்லெனியம் பிரகடனத்திலிருந்து பிறந்தவையே 8 மில்லெனியம் வளர்ச்சி இலக்குகள். கெடு ஆண்டு 2015.

தமிழ்நாடு அந்தப் பட்டியலுக்காகக் காத்திருக்கவில்லை. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அரசு தொடங்கிய சத்துணவுத் திட்டம் முதலில் கிராமங்களில் 2 முதல் 9 வயது வரையிலான குழந்தைகளுக்கு மட்டும் இருந்தது. பிறகு நகரங்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் விரிந்தது. இது வீண்செலவு என்று பேசிய பொருளியலாளர்கள் அன்று இருந்தார்கள். ஒவ்வொரு ஊரிலும் ஒரு அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் உதவியாளர் என்று ஆயிரக்கணக்கான பெண்கள், அவர்களில் கைம்பெண்களும் கைவிடப்பட்டவர்களும் பலர், அரசு வேலைக்குள் வந்ததை அந்தக் கணக்கு கண்டுகொள்ளவில்லை. நாடு முழுவதும் சமைத்த உணவு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரில் உத்தரவிட்டபோது, தமிழ்நாட்டில் அது ஏறத்தாழ இருபது ஆண்டுப் பழக்கமாகியிருந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அந்தத் தொடரின் அண்மைக் கண்ணி.

இதோடு ஒரு பக்கச் செய்தியையும் சொல்லலாம். 2021 செப்டம்பரில் சமயபுரம், திருச்செந்தூர் கோயில்களோடு திருத்தணி முருகன் கோயிலிலும் நாள் முழுவதும் அன்னதானம் தொடங்கப்பட்டது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருவோர் மட்டுமல்ல, மலையடிவாரத்தில் அன்றாடம் கூலிக்கு நிற்பவர்களும் அந்தப் பந்தியில் உட்காருகிறார்கள். பசியை ஒழித்தல் என்ற இரண்டாம் நீடித்த வளர்ச்சி இலக்கின் எந்தக் குறியீட்டிலும் இந்தச் சோறு சேராது.

தாய் நலத்தின் கதை இன்னும் தெளிவானது. கிராம சுகாதார செவிலியர் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் ஏற்பாடு, 1987-இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம், மருந்து வாங்குவதை ஒரே இடத்தில் ஒழுங்குபடுத்திய மருத்துவப் பணிகள் கழகம் (1994), ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவிலும் செவிலியர் இருக்கும்படி செய்த முறைப்பணி, 2008-இல் வந்த 108 ஆம்புலன்ஸ் என்று அடுக்கடுக்காக அது கட்டப்பட்டது. இன்று திருத்தணிக்கு அப்பால் ஒரு சிற்றூரில் பெண் கருவுற்றால் முதலில் நடப்பது கர்ப்பிணிப் பதிவுக்கான பிக்மி எண் போடுவதுதான். அந்த எண் இல்லாமல் மகப்பேறு உதவித்தொகையும் வராது, பின்னால் பிறப்புச் சான்றிதழ் வாங்குவதும் சிக்கலாகும். ஒரு கர்ப்பிணி கூடப் பதிவேட்டுக்கு வெளியே நிற்காதபடி பார்த்துக்கொள்ளும் இந்த எளிய நிர்வாக உத்தி, பெரிய திட்டங்கள் பலவற்றைவிட அதிகம் சாதித்திருக்கிறது.

மாதிரிப் பதிவு ஆய்வின்படி 2014–16 காலத்தில் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்குத் தாய் இறப்பு 66. நீடித்த வளர்ச்சி இலக்குகள் 2030-க்குள் உலகம் அடைய வேண்டும் என்று வைத்த அளவு 70-க்கும் கீழ். கெடு ஓடத் தொடங்கிய நேரத்திலேயே மாநிலம் அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தது. 2018–20-இல் இது 54 ஆகக் குறைந்தது; இந்திய சராசரி 97. சிசு இறப்பு 2000-இல் ஆயிரத்துக்கு 51 ஆக இருந்து 2020-இல் 13 ஆனது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) பிரசவங்களில் 99.6 விழுக்காடு மருத்துவமனைகளில் நடக்கின்றன. திருவள்ளூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டபின், மாவட்டத் தலைமை மருத்துவமனை என்ற தகுதி திருத்தணி அரசு மருத்துவமனைக்கு வந்தது.

அதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. இரத்தசோகை உள்ள பெண்கள் 2015–16-இல் 55 விழுக்காடு, 2019–21-இல் 53.4. வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகள் 27.1-இலிருந்து 25 ஆனார்கள். பிரசவத்துக்கு மருத்துவமனை வரை வந்து சேர்க்க அரசால் முடிந்திருக்கிறது. அந்தப் பெண்ணின் தட்டில் பத்து ஆண்டுகளாக என்ன இருந்தது என்பதை மாற்ற முடியவில்லை. முன்னது நிர்வாகத் திறமையால் தீரும் பிரச்சினை. பின்னது கூலி, நிலம், வீட்டுக்குள் யார் கடைசியில் சாப்பிடுகிறார் என்பது வரை நீளும் பிரச்சினை.

2015 செப்டம்பர் 25 அன்று 193 நாடுகள் ஏற்ற 17 நீடித்த வளர்ச்சி இலக்குகள், 169 உள்ளிலக்குகளோடு, மில்லெனியம் பட்டியலின் குறையைத் தீர்க்க வந்தவை. பழைய பட்டியலில் சராசரி குறைந்தால் போதும். உலக வறுமையைப் பாதியாக்கும் இலக்கு 2010-லேயே எட்டப்பட்டதற்குச் சீனாவின் வளர்ச்சியே பெருங்காரணம். புதிய பட்டியல் ஒருவரையும் விட்டுவிடக் கூடாது என்றது. ஆனால் 2024-ஆம் ஆண்டு ஐ.நா. அறிக்கையின்படி, மதிப்பிட முடிந்த உள்ளிலக்குகளில் சரியான பாதையில் இருப்பவை 17 விழுக்காடு மட்டுமே. இந்தியாவில் நிதி ஆயோக் வெளியிடும் குறியீட்டில் தமிழ்நாடு 2018-இல் 66 மதிப்பெண், 2023–24-இல் 78. நாட்டின் மதிப்பெண் இதே காலத்தில் 57-இலிருந்து 71. பல்பரிமாண வறுமையில் உள்ளோர் தமிழ்நாட்டில் 4.76 விழுக்காட்டிலிருந்து 2.20 ஆகக் குறைந்ததாகவும் நிதி ஆயோக் 2023-இல் சொன்னது.

மாநிலத்தை அளவாக வைத்தால் இவை பெருமைக்குரிய எண்கள்தாம். சிக்கல் அளவின் அலகில் இருக்கிறது. 1997-இல் திருவள்ளூர் மாவட்டம் உருவானபோது அம்பத்தூர், ஆவடி, திருவொற்றியூர் ஆகிய தொழில் நகரங்களும், மேற்கே திருத்தணி, பள்ளிப்பட்டு என்ற எல்லையோர வட்டங்களும் ஒரே மாவட்டத்துக்குள் வந்தன. 2011 மக்கள்தொகைக் கணக்கில் மாவட்டத்தின் மக்கள்தொகை 37.28 லட்சம், எழுத்தறிவு 84.03 விழுக்காடு, மாநில சராசரியான 80.09-ஐ விட மேல். அந்தக் கூடுதல் எங்கிருந்து வந்தது என்பது ரயிலில் அம்பத்தூரிலிருந்து திருத்தணி வரை ஒருமுறை வருபவருக்கே விளங்கும். நாட்டின் பின்தங்கிய மாவட்டங்களுக்கென்று 2018-இல் வந்த முன்னேற விழையும் மாவட்டத் திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து விருதுநகரும் இராமநாதபுரமும் சேர்ந்தன. பணக்கார நகரங்களின் நிழலில் இருந்த பள்ளிப்பட்டுக்கு அந்த வழி மூடியே இருந்தது. நூறு நாள் வேலைத் திட்டம் கூட, 2006-இல் தொடங்கிய முதற்கட்டத்திலோ அடுத்த கட்டத்திலோ அல்லாமல், 2008 ஏப்ரலில் மூன்றாம் கட்டமாகத்தான் இந்த மாவட்டத்துக்கு வந்தது.

கல்வியிலும் எல்லையோரத்துக்கென்று தனிச் சிக்கல் உண்டு. வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் இங்கே கணிசம். தெலுங்கு வழிப் பள்ளிகளும் இருக்கின்றன. 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்பை எட்டியபோது, மொழிச் சிறுபான்மை மாணவர்கள் நீதிமன்றத்தில் விலக்குக் கேட்டுப் பெற்றார்கள்.

வேலைக்கு வந்தால், இவ்வட்டாரத்தின் பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை ஆகிய ஊர்களில் தறிச் சத்தம் பழகிப்போன ஒன்று. கைத்தறியாக இருந்தவை பெரும்பாலும் விசைத்தறிகளாகிவிட்டன. வீட்டின் முன்கட்டிலோ பின்கட்டிலோ இரண்டு, நான்கு தறிகள். பாவும் ஊடை நூலும் ஜவுளி உற்பத்தியாளர் தருவார். நெய்து கொடுத்தால் கூலி. 1983-இல் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டம் இத்தகைய தறிகளுக்கு ஆண்டில் சில மாதங்கள் உறுதியான வேலை தந்தது. தறிகளுக்கான இலவச மின்சாரம் செலவைத் தாங்கியது. நூல் விலை ஏறினால் உற்பத்தியாளர் பாவு தருவதை நிறுத்துவார், தறி நிற்கும். ஆனாலும் தறிக்காரர் வேலையற்றவர் அல்லர், சொந்தத் தொழில் செய்பவர் என்றே கணக்கெடுப்பில் பதிவாவார். கண்ணியமான வேலை என்ற எட்டாம் இலக்கு வேலையின்மை விகிதத்தைப் பார்க்கிறது; தறி நின்ற வாரங்களைப் பார்ப்பதில்லை.

அதே எட்டாம் இலக்கின் 7-ஆம் உள்ளிலக்கு கட்டாய உழைப்பை ஒழிப்பது பற்றியது. திருவள்ளூர் மாவட்டத்தின் செங்கல் சூளைகளும் அரிசி ஆலைகளும் அந்த வரிக்கு நேரடி உதாரணங்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. சூளையின் நடைமுறை வேறு. மழைக்காலம் முடிந்து சூளை தொடங்குமுன் குடும்பத்துக்கு முன்பணம் தரப்படும். கணவனும் மனைவியும் ஒரு ஜோடியாகக் கணக்கு. கல் அறுத்து அடுக்குவதற்கு ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. அதில் முன்பணத்துக்கும் வாராவாரம் வாங்கிய படிக்காசுக்கும் கழித்தது போகத்தான் கையில் தருவார்கள். கோடை மழை வந்து பச்சைக் கல் கரைந்தால் நட்டம் அறுத்தவருடையது. ஜூன் மாதம் கணக்குப் பார்க்கும்போது பாக்கி நின்றால், அடுத்த பருவத்துக்கும் அங்கேயே.

இவ்வாறு சிக்கியவர்களில் இருளர் பலர். ஒடிசாவின் பலாங்கிர் பக்கத்திலிருந்து வந்தவர்களும் உண்டு. மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று அரசே வகைப்படுத்திய ஆறு தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் இருளரும் அடக்கம். மனைப் பட்டாவும் சாதிச் சான்றும் இல்லாத குடும்பத்துக்கு ரேஷன் அட்டையிலிருந்து வங்கிக் கடன் வரை எல்லாம் தடை. முன்பணம் தருபவர் ஒருவரே எதுவும் கேட்காதவர். 2008-இல் உலகத் தொழிலாளர் அமைப்பு தன் கொத்தடிமைத் தடுப்புத் திட்டத்துக்குக் காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களைத் தேர்ந்தது இந்தப் பின்னணியில்தான். அண்மை ஆண்டுகளில் மாவட்ட நிர்வாகம் எடுத்த முயற்சி ஒன்று குறிப்பிடத்தக்கது: மீட்கப்பட்டவர்களே உரிமையாளர்களாக நடத்தும் செங்கல் சூளை, ‘சிறகு’ என்ற பெயரில். மீட்பு நடவடிக்கைகள் பெரும்பாலும் விடுதலைச் சான்றிதழோடு முடிந்து, அதே கை மறுபடி முன்பணம் வாங்கப் போவதைப் பார்த்தவர்களுக்கு, செய்யத் தெரிந்த வேலையிலேயே உரிமையைத் தருவது எவ்வளவு பொருத்தமான தீர்வு என்பது புரியும். அளவில் அது இன்னும் சிறியது.

தண்ணீரில்தான் 1960-இன் எல்லைக்கோடு மறுபடி தலைகாட்டுகிறது. கொசஸ்தலை ஆறு ஆந்திரப் பகுதியிலிருந்து பள்ளிப்பட்டு வழியாக இறங்கி, திருத்தணியின் நந்தியாற்றையும் சேர்த்துக்கொண்டு, சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி நீர்த்தேக்கத்தை அடைகிறது. அந்தப் பக்கம் அம்மப்பள்ளி அணை நிரம்பித் திறந்தால் பள்ளிப்பட்டின் தரைப்பாலங்கள் மூழ்கி ஊர்கள் துண்டிக்கப்படுகின்றன. திறக்காத ஆண்டுகளில் ஆறு மணலாகக் கிடக்கிறது. கோடையில் வேலூரோடு சேர்ந்து 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் ஊர்களின் பட்டியலில் திருத்தணி தவறாமல் இடம்பெறுவதால், இந்த ஆற்றின் ஈரம் கிணறுகளுக்கு எவ்வளவு தேவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சித்தூர் மாவட்டத்தில் கொசஸ்தலையின் குறுக்கே மேலும் இரண்டு நீர்த்தேக்கங்கள் கட்டும் ஆந்திர அரசின் திட்டத்தைக் கைவிடக் கோரி 2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டு முதலமைச்சர் ஆந்திர முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார்.

தூய நீர் பற்றிய ஆறாம் இலக்கில் எல்லை கடந்த ஆறுகளைக் கூட்டாக நிர்வகிப்பதையும் உள்ளடக்கிய ஓர் உள்ளிலக்கும் அதற்கொரு குறியீடும் இருக்கின்றன. அந்தக் குறியீடு இரு நாடுகளுக்கு நடுவே ஓடும் ஆறுகளை மட்டுமே கணக்கில் எடுக்கிறது. ஒரே நாட்டின் இரு மாநிலங்களுக்கு நடுவே ஓடும் கொசஸ்தலைக்கு அதில் இடமில்லை.