வோட்டு இருக்கிறவனிடம்தான் கேட்பார்கள்

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரமிருப்பவர்கள் வாசியுங்கள்.

போன கிழமை தரம் 11 பிள்ளைகளுக்கு 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பின்வாங்கிலிருந்து ஒரு மகன் எழும்பிக் கேட்டான்: "சேர், அஷ்ரப் ஜெட்டிக்குப் போட்டில கொண்டு வந்தாங்களே, அந்த ஆக்களும் இப்படித்தானா?"

ஓம், அப்படித்தான். 2024 டிசம்பர் 19 ஆம் திகதி முள்ளிவாய்க்கால் கரையில் ஒதுங்கிய றோஹிங்யாக்களை மறுநாள் இங்கே திருகோணமலைக்குக் கொண்டு வந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர், சின்னப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். ஜமாலியா பாடசாலையில் தங்க வைத்தார்கள். பர்மாவில் 1982 இல் வந்த ஒரு பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட சனம் அது. நம் ஊரில் உடுப்பு சேர்த்தவர்களும் சோற்றுப் பார்சல் கட்டியவர்களும் இதை வாசிப்பீர்கள். அதே நாட்களில் முகநூலில் "இவர்களை ஏன் எடுக்கிறீர்கள்" என்று எழுதியவர்களையும் பார்த்தேன்.

2024 நமக்கு ஜனாதிபதித் தேர்தல் வருடம். அமெரிக்காவுக்கும் அப்படியே. அங்கே குடியேறிகள் விஷயம்தான் தேர்தல் பேச்சில் முன்னுக்கு நின்றது. கலப் நிறுவனம் அந்த ஜூன் மாதம் கேட்டபோது, குடிவரவைக் குறைக்க வேண்டும் என்றவர்கள் 55 வீதம். தேர்தல் முடிந்து அடுத்த கோடையில் அதே கேள்விக்கு 30 வீதம். ஒரு வருடத்தில் 25 புள்ளி இறங்கிவிட்டது. வந்த மனிதர்கள் அதே மனிதர்கள்தான்.

நமது நாட்டில் 1948 இல் இப்படி யாரும் கேட்டு எண்ணவில்லை. எண்ணியது வேறொன்று.

1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் 7 ஆசனம் எடுத்தது. வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளர் வாக்குகள் இடதுசாரிகளுக்குப் போயின. ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தது 95 இல் 42. டி. எஸ். சேனாநாயக்கவுக்கு அந்தக் கணக்கு விளங்காமலா இருந்திருக்கும்? அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, நவம்பர் 15 இல் நடைமுறைக்கும் வந்தது. நீ இங்கே பிறந்தது போதாது, வாப்பாவோ, அல்லது வாப்பாட வாப்பாவும் அவர் வாப்பாவுமோ இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி காட்டு என்றது. லயத்தில் பிறந்தவனிடம் எந்தப் பத்திரம்? 1949 இல் வாக்காளர் இடாப்பிலிருந்தும் பெயர்கள் போயின. 1952 தேர்தலில் காங்கிரஸுக்கு ஒரு ஆசனமும் இல்லை.

அதே 1949 இல் வந்த இன்னொரு சட்டத்தின் பெயரை நம்மவர்கள் கவனிப்பதில்லை: இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம். கடை வைத்திருந்த இந்திய முஸ்லிம்களும் அதற்குள் வந்தார்கள். பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தவர்கள் சுமார் 8 இலட்சம் பேர். கிடைத்தது ஏறக்குறைய 1,34,000 பேருக்கு. செல்வநாயகம் எதிர்த்தார், இடதுசாரிகள் எதிர்த்தார்கள். ஜீ. ஜீ. பொன்னம்பலம் 1948 இல் எதிர்த்து, அமைச்சரான பிறகு 1949 சட்டத்துக்கு ஆதரவளித்தார் என்று தமிழ் மேடைகளில் இன்றும் பேசுவார்கள். நமது டி. பி. ஜாயாவும் அந்த அமைச்சரவையில் இருந்தார். அவரது கல்விப் பணியை நான் மதிக்கிறேன். ஆனாலும் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

1964 இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று எழுதினார்கள். அந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பின்னாளில் கலவரங்களில் அடிபட்டு இறங்கிய மலையகக் குடும்பங்கள் வவுனியாவுக்கும் நமது மாவட்டத்துக்கும் வந்து குடியேறியது பெரியவர்களுக்குத் தெரியும்.

இனி 1988 க்கு வருவோம். டிசம்பர் 19 இல் ஜனாதிபதித் தேர்தல். தெற்கில் ஜே.வி.பி. கிளர்ச்சி. தோட்டத் தொழிலாளரை "இந்திய விஸ்தரிப்பின்" ஆட்கள் என்று வகுப்பெடுத்த கட்சி அது. வடக்கு கிழக்கில் இந்திய இராணுவம். இந்தியா என்ற சொல்லே ஆகாத அந்த நேரத்தில், தேர்தலுக்குச் சில கிழமைகள் முன்பு, நவம்பரில், நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் 39 ஆம் இலக்கச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. தொண்டமான் பத்து வருடமாக அமைச்சர். 1986 இல் தோட்டங்களில் பிரார்த்தனைப் போராட்டம் நடத்தியவர். மலையக வாக்கின் விலை ஆட்சியிலிருந்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. எதிரே நின்ற வேட்பாளர், 1964 இல் ஒப்பமிட்ட அதே சிறிமாவோ.

பிரேமதாசவுக்குக் கிடைத்தது 25,69,199 வாக்கு, 50.43 வீதம். பாதியைத் தாண்டியது ஏறக்குறைய 22,000 வாக்கால் மட்டும். அது குறைந்திருந்தால் 2024 இல் நாம் முதன்முதலாகப் பார்த்த இரண்டாம் விருப்பு எண்ணிக்கையை அன்றே பார்த்திருப்போம்.

1988 சட்டம் வந்தபோது ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தன. 1948 சட்டம் வந்தபோது நிதி அமைச்சர் யார்? அவரேதான். நாற்பது வருடத்தில் தோட்டத்துச் சனம் மாறவில்லை, அவர்களின் வாக்கு யாருக்கு உதவும் என்பதுதான் மாறியது. பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது நமது நாட்டிலும் முறையான கருத்துக்கணிப்புகள் நடக்கின்றன. நல்ல விஷயம். 2024 இல் யாருக்கு வோட்டு என்று கேட்டார்கள், பொருளாதாரம் எப்படி என்று கேட்டார்கள். ஜெட்டியில் இறங்கிய ஆக்களிடம் எந்தக் கணிப்பும் போகாது, அவர்கள் எந்த இடாப்பிலும் இல்லை. அவர்களை முல்லைத்தீவில் விமானப்படை முகாமுக்கு மாற்றினார்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவையே முதலில் உள்ளே விடவில்லை. இன்னும் ஒரு இலட்சம் பேர் வரக் காத்திருக்கிறார்கள் என்று புலனாய்வுத் தகவல் உள்ளதாகப் பாராளுமன்றத்திலேயே சொன்னார்கள். நம்மூர்ப் பொடியன்கள் ஆஸ்திரேலியாவுக்குப் போட் ஏறிய காலத்தில் அங்கேயும் இப்படியான கணக்குகளைத்தான் சொன்னார்கள்.

அன்றைக்குப் பாடம் முடியுமுன் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். வீட்டில் கேட்டு, வாப்பாட வாப்பாவின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இருந்தால் ஒரு கொப்பி கொண்டு வாருங்கள் என்றேன். விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான் கொண்டு வந்தார்கள். கேள்வி கேட்ட மகன் வெறுங்கையோடு வந்தான். "உம்மம்மா சொன்னா, 90 இல ஓடக்குள்ள எல்லாம் போயிட்டாம் சேர்."