இந்தியத் திரையில் ஜப்பானிய அனிமே: மூன்று படைப்புகளின் தயாரிப்பும் ஒளிபரப்பும்

இந்தியக் கதைகளை ஜப்பானியக் கலைஞர்கள் வரைந்ததும், ஜப்பானியக் கதை ஒன்று இந்திய மண்ணுக்கேற்ப மாற்றி எழுதப்பட்டதும் கடந்த நாற்பது ஆண்டுகளில் நிகழ்ந்தவை. நிப்பான் அனிமேஷன் நிறுவனத்தின் 'ஜங்கிள் புக்: ஷோனென் மோக்லி' (1989–90), யூகோ சாகோ முன்னின்று உருவாக்கிய 'ராமாயணா: தி லெஜன்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா' (1993), மும்பையைக் களமாகக் கொண்ட 'சூரஜ்: தி ரைசிங் ஸ்டார்' (2012) ஆகிய மூன்றும் இந்த வரலாற்றின் முக்கியப் படைப்புகள். முதலாவதும் மூன்றாவதும் தொலைக்காட்சித் தொடர்கள். இரண்டாவது முழுநீளத் திரைப்படம். மூன்றின் தயாரிப்பு வரலாற்றையும் ஒளிபரப்பு வரலாற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. ஒரு படைப்பு யாரைச் சென்றடைந்தது என்பதை அதன் கலைத்தரம் மட்டும் தீர்மானிக்கவில்லை. அது எந்த அலைவரிசையில் வந்தது, எந்த மொழியில் பேசியது என்பவையும் சேர்ந்தே தீர்மானித்தன. அந்த மொழிகளின் வரிசையில் தமிழ் பிந்தியே இடம்பெற்றது.

மோக்லி: டோக்கியோவிலிருந்து தூர்தர்ஷனுக்கு

பம்பாயில் 1865இல் பிறந்த ரட்யார்ட் கிப்ளிங், 'தி ஜங்கிள் புக்' நூலை 1894இலும் அதன் இரண்டாம் பகுதியை 1895இலும் வெளியிட்டார். ஓநாய்கள் வளர்த்த சிறுவனான மோக்லியின் கதைகளுக்குக் களம் இன்றைய மத்தியப் பிரதேசத்தின் சியோனி வட்டாரக் காடுகள். வால்ட் டிஸ்னி நிறுவனம் 1967இல் இக்கதைகளை ஆடலும் பாடலும் நிறைந்த ஒரு திரைப்படமாக்கியது.

நிப்பான் அனிமேஷன் வேறு பாதையை எடுத்தது. 1975இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனம், மேலைநாட்டுச் சிறுவர் இலக்கியங்களை ஓராண்டு அளவுக்கு நீளும் தொடர்களாக்குவதில் பெயர்பெற்றது. அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாகவே மோக்லி தொடரும் அமைந்தது. ஃபூமியோ குரோகாவா இயக்கிய 52 அத்தியாயங்கள் டிவி டோக்கியோவில் 1989 அக்டோபர் 2 முதல் 1990 அக்டோபர் 29 வரை ஒளிபரப்பாயின. வாரம் ஓர் அத்தியாயம் என்ற ஏற்பாட்டில் ஓநாய்க் குடும்பத்தின் உறவுச் சிக்கல்கள், ஓநாய்க் கூட்டத் தலைவன் அகேலாவின் தலைமை, காட்டின் சட்டம், மனிதர் ஊருக்குத் திரும்புவதா வேண்டாமா என்ற மோக்லியின் தவிப்பு ஆகியவற்றுக்கு நிதானமாக இடம் கிடைத்தது.

கிப்ளிங்கிடம் இல்லாத பாத்திரங்களும் சேர்க்கப்பட்டன. மோக்லியின் தோழனாக வரும் கீச்சி என்னும் சிவப்புப் பாண்டா அவற்றுள் ஒன்று. சிவப்புப் பாண்டா கிழக்கு இமயமலைச் சரிவுகளில் வாழும் விலங்கு. மத்திய இந்தியக் காடுகளில் அது கிடையாது. புவியியல் பொருத்தத்தைவிடக் குழந்தைகளுக்குப் பிடித்த ஒரு துணைப்பாத்திரம் தேவை என்பதே தயாரிப்பாளர்களின் கணக்காக இருந்தது என்று இதிலிருந்து கொள்ளலாம்.

இத்தொடர் 1993இல் இந்தி டப்பிங்குடன் தூர்தர்ஷனில் ஞாயிறு காலை நிகழ்ச்சியாக வந்தது. ஜப்பானியத் தொடக்கப் பாடலுக்குப் பதிலாக, குல்சார் எழுதி விஷால் பரத்வாஜ் இசையமைத்த இந்திப் பாடல் சேர்க்கப்பட்டது. ஷேர்கான் புலிக்கு நானா படேகர் குரல் கொடுத்தார். ஜப்பானில் உருவான தொடரை இந்தியத் தொடராகவே மக்கள் நினைவில் பதியச் செய்தவை இந்தப் பாடலும் குரலும்தான். 2016இல் டிஸ்னியின் புதிய 'ஜங்கிள் புக்' இந்தியில் வெளியானபோது அதே பாடல் மீண்டும் பதிவு செய்யப்பட்டது. ஷேர்கானுக்கு மறுபடியும் நானா படேகரே பேசினார். 2020 ஊரடங்கின்போது தூர்தர்ஷன் பழைய தொடரை மறுஒளிபரப்பு செய்தது.

தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் தூர்தர்ஷனின் தேசிய ஒளிபரப்பில் இத்தொடரை இந்தியில்தான் பார்த்தார்கள். 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியதும் தமிழ்ப் பொழுதுபோக்குக்குத் தனி அலைவரிசை கிடைத்தது. எனினும் ஜப்பானிய அனிமேயைத் தமிழில் பேசவைக்கும் முயற்சிக்கு மேலும் சில ஆண்டுகள் ஆயின.

ராமாயணம்: பத்தாண்டு முயற்சி

மூன்றில் மிக நீண்ட தயாரிப்பு வரலாறு கொண்டது ராமாயணப் படம். தொல்லியலாளர் பி. பி. லால், ராமாயணத்தில் வரும் இடங்களில் அகழாய்வு நடத்திவந்தார். அலகாபாத் அருகே கங்கைக் கரையில் உள்ள சிருங்கவேரபுரம் அவற்றுள் ஒன்று. கம்பனைப் படித்தவர்களுக்கு அது குகனின் ஊர். இந்த ஆய்வுகளைப் பற்றிய ஆவணப்படத்துக்காக இந்தியா வந்த ஜப்பானியத் திரைப்படக்காரர் யூகோ சாகோ, அப்பணியின்போதே ராமாயணத்தை அறிந்து, ஜப்பானிய மொழியில் கிடைத்த பல பதிப்புகளைத் தேடிப் படித்தார்.

1983இல் ஆவணப்படம் குறித்து வந்த பத்திரிகைச் செய்தி தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது. வெளிநாட்டவர் ராமாயணத்தைத் தம் விருப்பப்படி படமாக்குகிறார் என்று கருதிய விஸ்வ ஹிந்து பரிஷத், தில்லியிலுள்ள ஜப்பானியத் தூதரகத்துக்கு எதிர்ப்புக் கடிதம் அனுப்பியது. விளக்கம் தரப்பட்டபின் அச்சிக்கல் தீர்ந்தது. இந்தப் பேச்சுவார்த்தைகளின் தொடர்ச்சியாகவே முழு ராமாயணத்தையும் அனிமேஷனாக எடுக்கும் திட்டத்தை சாகோ முன்வைத்தார். ராமன் தெய்வம் என்பதால் நடிகர் ஒருவரின் முகத்தில் அவனைக் காட்டுவதைவிட வரைந்து காட்டுவதே பொருத்தம் என்பது அவருடைய வாதம்.

இருநாட்டுக் கூட்டுத் தயாரிப்பாகவே அவர் இதைச் செய்ய விரும்பினார். ஆனால் ராமாயணம் உணர்வுபூர்வமான பொருள். அதைக் கார்ட்டூனாகக் காட்டுவது சரியன்று என்று கருதிய இந்திய அரசு இசையவில்லை. அயோத்திப் பிரச்சினை அரசியலில் சூடுபிடித்துக்கொண்டிருந்த காலம் அது. ஆகவே நிப்பான் ராமாயணா ஃபிலிம் என்ற நிறுவனத்தின் வழியாக, 1990 முதல் படத்தின் முதன்மைப் பணிகள் ஜப்பானிலேயே நடந்தன. 1952இல் தொடங்கிய இந்திய–ஜப்பானியத் தூதரக உறவின் நாற்பதாம் ஆண்டு நிறைவோடும் இப்படம் இணைத்துப் பேசப்பட்டது.

அரசுக் கூட்டு இல்லாவிட்டாலும் கலைஞர்களின் கூட்டு நிகழ்ந்தது. சாகோவுடனும் கோய்ச்சி சசாகியுடனும் இணைந்து இயக்கியவர் ராம் மோகன் (1931–2019). 1956இல் மத்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷன் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்த இவர், சத்யஜித் ராயின் 'ஷத்ரஞ்ச் கே கிலாடி' (1977) படத்தில் வரும் அனிமேஷன் பகுதியை உருவாக்கியவர். வன்ராஜ் பாட்டியா இசையமைத்தார். சம்ஸ்கிருதப் பாடல்களை வசந்த் தேவ் எழுதினார். சுமார் 450 கலைஞர்கள் பணியாற்றிய இப்படத்தின் செலவு 80 கோடி யென்.

படம் 135 நிமிடம் ஓடுகிறது. நொடிக்கு 24 சட்டங்கள் என்ற கணக்கில் அது 1,94,400 சட்டங்கள். செல் முறையில் ஒவ்வோர் அசைவும் முதலில் பென்சிலால் வரையப்படும். பின்னர் ஒளிபுகும் செல் தாளில் கோடுகள் படியெடுக்கப்பட்டு, தாளின் பின்புறத்தில் வண்ணம் தீட்டப்படும். அதன்பின் பின்னணி ஓவியத்தின்மீது வைத்து ஒவ்வொரு சட்டமாகப் படம்பிடிக்கப்படும். ஒரு செல்லை இரு சட்டங்களுக்குப் பயன்படுத்துவது வழக்கம். இவ்வகையில் கையால் தீட்டப்பட்ட ஏறத்தாழ ஒரு லட்சம் செல்கள் இப்படத்துக்குத் தேவைப்பட்டன. வேட்டியின் மடிப்பு நடக்கும்போது எப்படி விழும், பெரியவரை வணங்கும்போது உடல் எப்படி வளையும் போன்றவை ஜப்பானிய ஓவியர்களுக்குப் பழக்கமில்லாதவை. இந்தியக் கலைஞர்களின் வழிகாட்டல் இங்கேதான் இன்றியமையாததாயிற்று. மேகமும் மலையும் காடும் ஜப்பானிய அனிமேயின் நுட்பத்தோடும், உடையும் அணிகலனும் அரண்மனையும் இந்திய ஓவிய, சிற்ப மரபோடும் அமைந்தது இக்கூட்டின் விளைவு.

1992 டிசம்பர் 6 அன்று அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டு நாடெங்கும் கலவரம் மூண்டது. மறுமாதம், 1993 ஜனவரியில், புதுதில்லியில் நடந்த 24ஆவது இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவில் ஆங்கில உரையாடலுடன் படம் திரையிடப்பட்டது. ராமன் பெயரைத் தாங்கிய படத்தைத் திரையரங்குகளில் பரவலாக வெளியிடும் சூழல் அப்போது இல்லை. பின்னர் இந்தி டப்பிங் வந்தது. தூர்தர்ஷனில் 1987–88இல் ஒளிபரப்பான ராமானந்த் சாகரின் 'ராமாயண'த்தில் ராமனாக நடித்த அருண் கோவிலே இங்கும் ராமனுக்குக் குரல் கொடுத்தார். ராவணனுக்கு அம்ரிஷ் புரியும் கதைசொல்லியாக சத்ருகன் சின்ஹாவும் பேசினர். அமெரிக்காவுக்கெனச் சுருக்கப்பட்ட 'பிரின்ஸ் ஆஃப் லைட்' பதிப்பில் ராமனின் குரல் பிரையன் கிரான்ஸ்டனுடையது.

இந்தியாவில் இப்படத்துக்குப் பெரும் பார்வையாளர்களைச் சேர்த்தது தொலைக்காட்சியே. கார்ட்டூன் நெட்வொர்க் போன்ற குழந்தைகள் அலைவரிசைகள் இதைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பின. திரையரங்கில் பார்க்கக் கிடைக்காத படம், தொண்ணூறுகளிலும் இரண்டாயிரத்தின் தொடக்கத்திலும் வளர்ந்த தலைமுறைக்கு வீட்டுப் படமானது. 2012இல் சாகோ காலமானார். 4கே தரத்தில் மீட்டெடுக்கப்பட்ட படம் 2025 ஜனவரி 24 அன்று இந்தி, தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் ஆகிய மொழிகளில் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது.

சூரஜ்: மட்டைப்பந்தாக மாறிய பேஸ்பால்

மூன்றாவது படைப்பில் பயணத்தின் திசை மாறுகிறது. இக்கி கஜிவாரா கதையெழுதி நொபொரு கவசாகி வரைந்த 'கியோஜின் நோ ஹோஷி' என்ற மாங்கா படக்கதை, 1966 முதல் கோதன்ஷா பதிப்பகத்தின் வார இதழில் வந்தது. தந்தையின் கடும் பயிற்சியில் பேஸ்பால் வீரனாகும் ஏழைச் சிறுவனின் கதை அது. 1968 முதல் 1971 வரை 182 அத்தியாயங்களாக ஒளிபரப்பான அதன் அனிமே, ஜப்பானின் பொருளாதார எழுச்சிக் காலத்தின் அடையாளங்களில் ஒன்றானது.

கோதன்ஷாவும், அனிமேயைத் தயாரித்த டோக்கியோ மூவியின் இன்றைய வடிவமான டிஎம்எஸ் என்டர்டெயின்மென்டும், ஹைதராபாத்தின் டிக்யூ என்டர்டெயின்மென்டும் இணைந்து இதை இந்தியாவுக்காக மறுஆக்கம் செய்தன. பேஸ்பால் கிரிக்கெட்டானது, நாயகன் மும்பைக் குடிசைப் பகுதியில் வளரும் சூரஜ் ஆனான். மூலத்தில் மகனின் உடலில் தந்தை மாட்டிவிடும் சுருள்வில் கவசம் புகழ்பெற்றது. இந்தியப் பார்வையாளர்களுக்கு அது குழந்தையை வதைப்பதாகத் தோன்றும் என்பதால், அதன் இடத்தில் சைக்கிள் டியூபால் ஆன பயிற்சிக் கருவி வந்தது. இந்தியச் சந்தையில் காலூன்றிய ஜப்பானிய நிறுவனங்கள் விளம்பரதாரர்களாயின. அவற்றின் பொருள்களும் பெயர்களும் காட்சிகளுக்குள்ளேயே இடம்பெற்றன.

26 அத்தியாயங்கள் கொண்ட இத்தொடர் 2012 டிசம்பர் 23 முதல் கலர்ஸ் அலைவரிசையில் இந்தியில் ஞாயிறுதோறும் வந்தது. மோக்லி வந்த காலத்தில் பெரும்பாலான வீடுகளில் தூர்தர்ஷன் ஒன்றே இருந்தது. சூரஜ் வந்த காலத்திலோ நூற்றுக்கணக்கான அலைவரிசைகளும், நேரடி கிரிக்கெட் ஒளிபரப்பும், குழந்தைகளுக்கென்றே தனி அலைவரிசைகளும் போட்டியில் இருந்தன. பொதுப் பொழுதுபோக்கு அலைவரிசையில் வாரம் ஒருமுறை வந்த அனிமேஷன் தொடர், மோக்லியைப் போல மக்கள் நினைவில் வேரூன்றவில்லை.

தமிழ் ஒலித்தடம்

1995 மே 1 அன்று இந்தியாவில் தொடங்கிய கார்ட்டூன் நெட்வொர்க் பின்னாளில் இந்தி, தமிழ் டப்பிங்கையும் தந்தது. 2004இல் அனிமேக்கென்றே அனிமாக்ஸ் அலைவரிசையும், குழந்தைகளுக்காக ஹங்காமா டிவியும் வந்தன. 'டோரேமான்', 'ஷின்-சான்' ஆகிய தொடர்களை இந்தியாவில் பரப்பியது ஹங்காமா. 2007 ஏப்ரலில் சன் குழுமத்தின் சுட்டி டிவி தொடங்கியபின், முழுநேரமும் தமிழில் பேசும் கார்ட்டூன் அலைவரிசை ஒன்று இருக்க முடியும் என்பது உறுதியாயிற்று.

தமிழ் டப்பிங் வீட்டை அடையும் வழியும் கவனிக்கத்தக்கது. செயற்கைக்கோள் அலைவரிசை ஒன்று ஒரே படத்துடன் பல மொழி ஒலித்தடங்களை அனுப்பும். அனலாக் கேபிள் காலத்தில் எந்த ஒலித்தடத்தைத் தெருவுக்கு விடுவது என்பது கேபிள்காரரின் கையில் இருந்தது. செட்டாப் பாக்ஸ் வந்தபின் அந்தத் தெரிவு ரிமோட்டுக்கு மாறியது. தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புத் தரத் தொடங்கியது. விருத்தாசலம் போன்ற ஊர்களிலும் பல அலைவரிசைகள் கொண்ட இணைப்பு எளிய வீடுகளுக்கு எட்டும் செலவில் வந்தது. 'டோரேமான்' தொடரின் நோபிடாவும் ஷிசுகாவும், ஷின்-சானும் தமிழ் பேசி வீடுகளுக்குள் வந்தது இவ்வழிகளில்தான்.

2017இல் அனிமாக்ஸ் இந்தியாவில் மூடப்பட்டது. அதே ஆண்டு தொடங்கிய சோனி யாய், 2022இல் 'நருட்டோ'வைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் ஒளிபரப்பியது. அதே ஆண்டில் 'டிராகன் பால் சூப்பர்' தமிழ் டப்பிங்குடன் கார்ட்டூன் நெட்வொர்க்கில் வந்தது. இணையவழி ஓடிடி தளமான கிரஞ்சிரோல் 'சோலோ லெவலிங்' (2024) முதலிய தொடர்களுக்குத் தமிழ்க் குரல் சேர்த்தது. இதனால் குழந்தைகள் நிகழ்ச்சி என்ற வகைக்கு வெளியே இளைஞர்களையும் தமிழ் அனிமே எட்டியது.

2025ஆம் ஆண்டு இந்த மாற்றத்தின் அளவைக் காட்டுகிறது. 1993இல் திரைப்பட விழாவில் காட்டப்பட்ட ராமாயணப் படம் தமிழ்க் குரலுடன் திரையரங்குக்கு வர 32 ஆண்டுகள் ஆயின. ஜப்பானில் அதே 2025 ஜூலை 18 அன்று வெளியான 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' எட்டே வாரங்களில், செப்டம்பர் 12 அன்று, தமிழ் உள்ளிட்ட மொழிகளில் இந்தியத் திரைகளைத் தொட்டது. தமிழ்ப் பார்வையாளர் இன்று அனிமே சந்தையின் நேரடி வாடிக்கையாளர். தமிழ் டப்பிங் இனி பின்னால் சேர்க்கப்படும் இணைப்பன்று, முதல் வெளியீட்டிலேயே இடம்பெறும் பகுதி.