வெயிலை அளந்த கதை

நரை, திரை, மூப்பு என்று மூன்றையும் ஒரே மூச்சில் அடுக்குவது நம் மரபு. மூன்றும் வயது கொண்டுவருபவை என்பதே பொது நம்பிக்கை. ஆயினும் திரைக்கு இன்னொரு தந்தையும் உண்டு. ஐயமுள்ளோர் தம் மேற்கையின் உட்புறத்தையும் புறங்கையையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். இரண்டும் ஒரே நாளில் பிறந்த தோல்கள்தாம். வெயில் பட்டது மூப்பெய்தியிருக்கும், படாதது இளமையோடிருக்கும். இவ்வேறுபாட்டைக் கத்தி படாமல், ஊசி குத்தாமல் அளப்பது எப்படி என்ற தேடலுக்கு நீண்ட வரலாறு உண்டு. அதன் சில பக்கங்களையே இங்கே புரட்டுகிறோம்.

ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுக நகரில் மருத்துவம் பார்த்த பால் கெர்சன் உன்னா, 1894ஆம் ஆண்டு வெளியிட்ட தோல்நோய் நூலில் மாலுமிகளின் தோலைத் தனியே விவரித்தார். கடலும் காற்றும் வெயிலும் பட்டுத் தடித்துக் கறுத்த முகங்கள் அவை. சில ஆண்டுகளில் பிரான்சின் போர்தோ நகர மருத்துவர் துப்ரொய், திராட்சைத் தோட்டக் கூலிகளிடம் இத்தகைய சிதைவையும் அதைத் தொடரும் புற்றையும் கண்டு எழுதினார். தோல் மூப்பைப் பற்றிய முதல் அறிவு உழைப்பாளிகளின் முகத்திலிருந்துதான் கிடைத்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். இன்று அது அழகுநிலையத்தின் பேச்சாகிவிட்டது.

உன்னாவின் வழி, தோலைச் சிறிது வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. நெடுங்காலம் அதுவே உறுதியான வழியாக இருந்தது. ஆனால் யாருடைய தோலை வெட்டுவது? இக்கேள்விக்கு அமெரிக்காவின் பிலடெல்பியா ஒரு கொடிய விடை வைத்திருந்தது. வெயிலால் வரும் மூப்பு வயதால் வரும் மூப்பினின்று வேறானது என்பதை உலகறியச் செய்தவர்களில் முதன்மையானவர், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிளிக்மன். அவரே 1951 முதல் 1974 வரை ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகள்மீது எண்ணற்ற சோதனைகளை நடத்தியவரும் ஆவார். கைதிகளில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். கிடைத்ததோ சில டாலர்கள். ஆலன் ஹார்ன்ப்ளம் 1998இல் வெளியிட்ட நூல் இதை விரிவாக அம்பலப்படுத்தியது. பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவு மன்னிப்புக் கேட்டது 2021இல். நகர நிர்வாகம் கேட்டது 2022இல். தோலைத் தொட்டும் தொடாமலும் அளக்கும் கருவிகளை வெறும் வசதியாகக் கருதிக் கடந்துபோக இயலாமைக்கு இவ்வரலாறும் ஒரு காரணம்.

கருவிகள் பலவகை. 1979இல் அலெக்சாண்டர், மில்லர் என்னும் இருவர் மீயொலியைச் செலுத்தி, அது திரும்பிவரும் நேரத்தைக்கொண்டு தோலின் தடிமனை அளந்தனர். பத்தாண்டுகள் கழித்து, வெயில் பட்ட முதிய தோலின் மேலடுக்குக்குக் கீழே எதிரொலி குன்றிய ஒரு கருங்கோடு தெரிவதைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டினர். சிறு துளையுள்ள குழலால் தோலை உறிஞ்சி இழுத்துவிட்டு, அது எவ்வளவு விரைவாகப் பழைய நிலைக்கு மீள்கிறது என்று பார்க்கும் கருவியும் உண்டு. புறங்கைத் தோலைக் கிள்ளிவிட்டு அது படியும் வேகத்தைப் பார்த்து நம் பாட்டிமார் செய்த சோதனைக்கு எண்கள் கிடைத்தன, அவ்வளவே!

எனினும் நம் மனம் கவர்ந்தது எல்லாவற்றிலும் எளிய ஒரு முறை. மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 1980இல் பீக்லி, கிப்சன் என்போர் வகுத்தது. புறங்கையில் சிலிக்கான் பசையைத் தடவி, உறைந்ததும் உரித்தெடுத்தால் தோலின் அச்சு கிடைக்கும். உருப்பெருக்கியில் பார்த்தால் இளந்தோலில் மெல்லிய கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, சிறுசிறு முக்கோணங்களைப் பின்னியிருக்கும். வெயில் தின்ற தோலில் சிறு கோடுகள் அழிந்துபோகும். பெருங்கோடுகள் மட்டும் ஆழ்ந்து, ஒரே திசையில் சரிந்து கிடக்கும். இதை ஆறு படிகளாகப் பிரித்தனர்.

இந்த அச்சுகள் பெரும்பணி ஆற்றியது குயின்ஸ்லாந்து மாநிலத்தின் நம்பூர் என்னும் சிற்றூரில். (பெயரைக் கேட்டதும் 'நம்மூர்' என்று காது மயங்குகிறது, நிற்க.) அடேல் கிரீன் தலைமையில் 1992இல் அங்கே 1621 பேர் ஓர் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்ட ஒரு பாதியினர் நாள்தோறும் காலையில் தலை, கழுத்து, கைகளில் வெயில்காப்புக் களிம்பு பூசவேண்டும். மறுபாதியினர் தம் வழக்கப்படி பூசலாம், பூசாமலும் இருக்கலாம். சொன்ன சொல்லை நம்பாமல், திரும்பிவந்த களிம்புக் குப்பிகளை எடைபோட்டுப் பார்த்தார்கள்! தொடங்கும்போதும் நாலரை ஆண்டுகளுக்குப் பின்னும் இடப்புறங்கையின் அச்சு எடுக்கப்பட்டது. அச்சைப் படித்துப் படியிட்டவர்களுக்கு அது எந்தப் பிரிவினரின் கை என்பது தெரியாது.

ஐம்பத்தைந்து வயதுக்குட்பட்ட 903 பேரின் அச்சுகளை ஆராய்ந்த முடிவு 2013இல் வெளிவந்தது. நாள்தோறும் பூசியவர்களிடம் தோல் மூப்பு 24 விழுக்காடு குறைவு. களிம்பு மூப்பைத் தடுக்கிறது என்பதற்கு மனிதரிடையே குலுக்கல் முறையில் கிடைத்த அரிய சான்று இது. இதே ஊர் மக்களின் தொடர்கணக்கில் கொடிய மெலனோமா புற்றும் பாதியாகக் குறைந்ததாக 2011இல் அறிவிக்கப்பட்டிருந்தது.

இங்கேதான் நாம் சற்றே நின்று பார்க்கவேண்டும். நம்பூர் மக்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வழிவந்த வெளிறிய தோலினர். அவர்களுக்கு வெயில் தரும் முதல் வடு சுருக்கம். நம்மைப் போன்ற மாநிறத்தவருக்கும் கருநிறத்தவருக்கும் சுருக்கம் காலந்தாழ்ந்தே வரும். முந்திவருவது கருந்திட்டும் நிறச் சீரின்மையும். சிலிக்கான் அச்சில் கோடு விழும், நிறம் விழாது! மேலும், கண்ணுக்குத் தெரியும் ஒளியே கருநிறத் தோலில் நீடித்த கருமையை உண்டாக்குகிறது, வெளிறிய தோலில் அவ்வாறு செய்வதில்லை என்று 2010இல் டெட்ராய்ட் ஆய்வாளர்கள் காட்டினர். நிறமற்ற வழக்கமான களிம்புகள் அவ்வொளியைத் தடுப்பதில்லை. இரும்பு ஆக்சைடு கலந்து நிறமேற்றியவையே ஓரளவு தடுக்கின்றன. நம்பூரின் முடிவை அப்படியே நம் கன்னத்தில் பூசிக்கொள்வதற்கு முன் இதையும் அறிதல் நன்று.

நிறத்தை அளந்தவர்களின் கதை இதனினும் வேறு. பெலிக்ஸ் வான் லூஷான் என்னும் மானிடவியலார் 36 வண்ணக் கண்ணாடி வில்லைகளைச் செய்து, வெயில் படாத தோலோடு ஒட்டிவைத்து ஒப்பிட்டார். மக்களை இனம்பிரிக்கவே அவை பயன்பட்டன. பிறகு ஒளி எதிரொளிப்பை அளக்கும் கருவிகள் வந்து வில்லைகளை ஓரங்கட்டின. 1975இல் ஹார்வர்டின் தாமஸ் பிட்ஸ்பாட்ரிக், வெயிலில் நின்றால் எரியுமா, கறுக்குமா என்ற கேள்வியால் வெள்ளைத் தோலை நான்கு வகையாக்கினார். ஒளிச்சிகிச்சையின் அளவை முடிவுசெய்யவே அது தேவைப்பட்டது. பழுப்புக்கும் கறுப்புக்கும் ஐந்தாம், ஆறாம் வகைகள் பின்னரே சேர்ந்தன. வெள்ளைக்கு நான்கு அறைகள். உலகின் எஞ்சிய நிறங்களுக்கெல்லாம் இரண்டே! சமூகவியலார் எல்லிஸ் மங்க் வகுத்து 2022இல் வெளியான பத்து நிறப் படிவரிசை இக்குறையைச் சற்றே ஈடுசெய்கிறது. அங்காடிகளில் முகத்தைப் படம்பிடித்து 'உங்கள் தோலின் வயது' என்று ஓர் எண்ணை நீட்டும் பெட்டிகளிடம் நாம் கேட்கவேண்டியது, எந்த முகங்களோடு ஒப்பிட்டு அந்த எண் வந்தது என்பதையே.

கருநிறம் எல்லாக் கருவிக்கும் இடையூறன்று. 1995இல் மிலிந்த் ராஜாத்யக்ஷாவும் தோழர்களும் பாஸ்டனில் லேசர் நுண்ணோக்கி ஒன்றை உயிருள்ள மனிதத் தோலின்மேல் வைத்து, வெட்டாமலே அதன் உயிரணுக்களைக் கண்டார்கள். அப்படத்தில் மிகுந்த ஒளியோடு தெரிந்தது மெலனின். வெறுங்கண்ணுக்குக் கறுப்பாய்த் தோன்றும் அந்நிறமி, லேசர் ஒளியை மற்றெல்லாப் பகுதிகளையும் விட வலுவாகத் திருப்பியனுப்பி, திரையில் வெள்ளை வெளேரென்று மின்னியது.